மேலே இருப்பவரும் பக்கத்தில் நிற்பவரும்

ஸ்டான்லி மில்கிராமின் ஷாக் பரிசோதனையைப் பற்றி எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். சுயமுன்னேற்றப் புத்தகம், மேனேஜ்மென்ட் ட்ரெய்னிங், மெயிலில் சுற்றும் பார்வர்டு என்று எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான். கோட் போட்ட ஒரு ஆசாமி சொன்னார்ங்கிறதுக்காக நூத்துக்கு அறுபத்தஞ்சு பேர் முன்பின் தெரியாத ஒருத்தருக்கு 450 வோல்ட் ஷாக் கொடுத்தாங்க, மனுஷ ஜாதியே இவ்வளவுதான்! கேட்பவர்களும் ஒரு 'உச்' கொட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கதை சொல்லப்படும் விதத்தில் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குறை. அந்த 65 என்பது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில் வந்த எண். மில்கிராம் அதே பரிசோதனையை இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றிச் செய்தார். ஒன்றில் நாற்பது பேரில் 37 பேர் கடைசி வரை போனார்கள். இன்னொன்றில் நாலே நாலு பேர். வேறு சிலவற்றில் ஒருத்தர்கூட இல்லை. ஆட்கள் எல்லாரும் அதே மாதிரி ஆட்கள், கொடுத்த கூலியும் அதேதான். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் நடுவில் எழுந்து போனார்கள் என்பதுதான் மாறியது. என்னைக் கேட்டால் 65ஐ விட இந்த ஏற்ற இறக்கம்தான் உண்மையான கதை. அதைச் சொல்லிவிட்டு, 1942ல் போலந்தில் ஒரு கிராமத்தில் நடந்த ஒரு நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

மில்கிராம் 1933ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். ஹார்வர்டில் படிக்கும்போது சாலமன் ஆஷ் என்கிற பெரிய உளவியலாளரிடம் உதவியாளராக இருந்தார். இந்த ஆஷை லேசில் விட்டுவிடக்கூடாது. அவர் செய்த 'கோடு' பரிசோதனை ரொம்ப எளிமையானது. ஒரு அறையில் சில பேர். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எது எதற்குச் சமம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். பச்சைக் குழந்தைகூட சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். எல்லாருமாகச் சேர்ந்து தப்பான பதிலைச் சொல்வார்கள். விவரம் தெரியாத அந்த அப்பாவியின் முறை வரும்போது என்ன ஆகும்? முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருத்தர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், அந்த அப்பாவிக்கும் தைரியம் வந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மில்கிராமுக்கு இதில் ஒரு திருப்தியின்மை. கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? கூட்டம் சேர்ந்து தள்ளினால் ஒருத்தன் இன்னொரு மனிதனை வலிக்க வைப்பானா? இதைத்தான் அவர் பார்க்க நினைத்தார். அதற்கு ஒரு அடிப்படை அளவு வேண்டும். கூட்டம் எதுவும் இல்லாமல், நடத்துபவர் சொன்னதற்காக மட்டும் ஒரு தனி ஆள் எவ்வளவு தூரம் போவான்? அதை முதலில் அளந்தால்தான் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும். அந்த அடிப்படை அளவுதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற பரிசோதனையாக ஆகிவிட்டது! தாளிக்க எண்ணெய் காயவைத்த இடத்தில் அடுப்பே பற்றிக்கொண்ட மாதிரி.

1961 ஆகஸ்ட் 7ஆம் தேதி யேல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார். அப்போது ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தது. கட்டளையை நிறைவேற்றினேன், அவ்வளவுதான் என்று ஐக்மன் வாதாடிக்கொண்டிருந்த நேரம். நியூ ஹேவன் ஊர் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். நினைவாற்றல் பற்றிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், பஸ் செலவுக்கு 50 சென்ட். வந்தவர்கள் தபால் ஊழியர், பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், தொழிலாளி என்று நம் தெருவில் பார்க்கிற மாதிரி ஆட்கள்.

இரண்டு பேர் வருவார்கள். சீட்டுக் குலுக்கி ஒருத்தர் 'ஆசிரியர்', ஒருத்தர் 'மாணவர்'. குலுக்கல் பொய், மாணவர் எப்போதும் மில்கிராமின் ஆள்தான். சாதுவான, நடுவயதுக்காரர். அவரைப் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டிப்போடுவார்கள். ஆசிரியருக்கு முன்னால் 30 சுவிட்ச் வைத்த ஒரு பெட்டி. 15 வோல்ட்டில் ஆரம்பித்து பதினைந்து பதினைந்தாக ஏறி 450 வரை. மாணவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அடுத்த சுவிட்ச். நிஜ ஷாக் எதுவும் இல்லை, ஆனால் ஆசிரியருக்கு அது தெரியாது. பெட்டி நிஜம் என்று நம்புவதற்காக அவருக்கே 45 வோல்ட் கொடுத்துக் காட்டுவார்கள். தயங்கினால் சாம்பல் கலர் கோட் போட்ட நடத்துநர் (பஸ் கண்டக்டர் இல்லைங்க, பரிசோதனையை நடத்துபவர்) அமைதியான குரலில் தொடரச் சொல்வார். நாலு படியாக வாசகம் எழுதி வைத்திருந்தார்கள். முதலாவது தயவுசெய்து ரகம். நாலாவது உங்களுக்கு வேறு வழியே இல்லை ரகம்.

என்ன ஆகும் என்று மில்கிராம் மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டியே கேட்டார். ஆயிரத்தில் ஒருத்தர் கடைசி வரை போகலாம் என்றார்கள்.

முதல் ஏற்பாட்டில் மாணவரின் குரலே கேட்காது. 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் சத்தம் மட்டும். அதற்கப்புறம் அமைதி. நாற்பது பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். புகழ் பெற்ற 65 சதவீதம் இதுதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் ஜாலியாகப் போகவில்லை. வியர்த்துக் கொட்டியது, திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், சம்பந்தமே இல்லாமல் சிரித்தார்கள். கை நடுங்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டார்கள். ஆனால் போட்டார்கள்.

இப்போது மில்கிராம் அறைக்குள் ஆட்களை நகர்த்த ஆரம்பிக்கிறார். மாணவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது கேட்கும்படி செய்தபோது கடைசி வரை போனவர்கள் 25 பேர். பெரிதாகக் குறையவில்லை. மாணவரை அதே அறையில், சில அடி தூரத்தில் உட்காரவைத்தார். 16 பேர். அடுத்து, ஷாக் தட்டின் மேல் மாணவரின் கையை ஆசிரியரே பிடித்து அழுத்தவேண்டும் என்று மாற்றினார். 12 பேராகக் குறைந்தது. பன்னிரண்டு பேர் அழுத்தினார்கள் என்பது பயங்கரம்தான். ஆனால் நடுவில் இருந்த ஒரு சுவர் எவ்வளவு பேரின் மனசாட்சிக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது என்பதும் இதில் தெரிகிறது.

தூரம் இன்னொரு பக்கமும் வேலை செய்தது. நடத்துநர் ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிவிட்டு வெளியே போய், மீதி உத்தரவுகளை டெலிபோனில் கொடுத்தார். நாற்பதில் 9 பேர்தான் முடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சில பேர் போனில் "ஆமாம் சார், ஏத்திக்கிட்டே இருக்கேன்" என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, அடியிலேயே இருந்த 15 வோல்ட் சுவிட்சைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவரை வதைக்க மனசில்லை, மேலதிகாரியை எதிர்க்கவும் வாயில்லை. இந்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் பாதி நல்ல காரியம் இப்படி யாருக்கும் தெரியாமல் நடக்கிற சின்ன ஏமாற்று வேலையால்தான் நடக்கிறதோ என்னவோ.

யேல் என்கிற பெரிய பெயர்தான் காரணமோ என்று ஒரு சந்தேகம் வரும் இல்லையா? அவருக்கும் வந்தது. பிரிட்ஜ்போர்ட் என்கிற தொழில் நகரத்தில், கடைத்தெருவில், ஒரு சாதாரணக் கட்டடத்தில் வாடகைக்கு இடம் பிடித்து, யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனப் பெயரில் நடத்திப் பார்த்தார். 19 பேர். குறைந்தது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெண்களை வைத்துச் செய்தபோது அதே 26. ஷாக் அளவை உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டபோது நாற்பதில் 38 பேர் 150 வோல்ட்டைத் தாண்டவே இல்லை. ஆக, உள்ளே ஒளிந்திருந்த மிருகம் வாய்ப்புக் கிடைத்ததும் வெளியே வந்தது என்கிற வாதமெல்லாம் இங்கே எடுபடாது. யாரும் சொல்லாவிட்டால் யாரும் செய்யவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இன்னொன்று. நடத்துநருக்குப் போன் வருகிறது, அவர் வெளியே போய்விடுகிறார். மூன்றாவதாக அங்கே இருந்த ஒரு சாதாரண ஆள் (இவரும் செட்டப்தான்) ஒவ்வொரு தப்புக்கும் ஒரு படி ஏற்றலாமே என்று யோசனை சொல்கிறார். அதே அறை, அதே பெட்டி, உத்தரவும் அதேதான். இருபதில் 16 பேர் மாட்டேன் என்றார்கள். சரி, நானே போடுகிறேன் என்று அவர் உட்கார்ந்ததும் பலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒரு பலசாலி அவரை நாற்காலியோடு ஒட்டவிடாமல் தூக்கி அறையின் மூலையில் எறிந்து, இனிமேல் ஷாக் கொடுக்கமாட்டேன் என்று வாக்கு வாங்கின பிறகுதான் நகரவிட்டார். கோட் போட்ட நடத்துநரிடம் இதே மாதிரி ஆட்கள் எவ்வளவு மரியாதையாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்! கோட் போட்டவர்களே இரண்டு பேர் இருந்து, 150 வோல்ட்டில் ஒருத்தர் போதும் என்றும் மற்றவர் தொடரு என்றும் சொன்னபோது, இருபதில் 18 பேர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் ஒரே குரலில் பேசும்வரைதான் அதிகாரம். குரல் ரெண்டானால் கீழே இருப்பவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடுகிறது.

இனி கூட்டத்துக்கு வருவோம். மில்கிராம் முதலில் பார்க்க நினைத்தது இதைத்தானே. ஒரு ஆசிரியருக்குப் பதில் மூன்று ஆசிரியர்கள், வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் செட்டப், ஒருத்தர் அப்பாவி. 150 வோல்ட்டில் முதல் ஆள் நான் இதற்கு மேல் செய்யமாட்டேன் என்று எழுந்து தனியாகப் போய் உட்கார்கிறார். 210ல் இரண்டாவது ஆள். நடத்துநர் மூன்றாவது ஆளைத் தொடரச் சொல்கிறார். நாற்பதில் நாலே பேர்தான் கடைசி வரை போனார்கள். 36 பேர் மறுத்தார்கள். ஆஷின் அறையில் ஒருத்தர் சரியான பதிலைச் சொன்னதும் அப்பாவிக்கு வந்த அதே தைரியம்.

நம்ம அலுவலகங்களிலேயே பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் "நாளைக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று சொல்வார். ஒரு நிமிஷம் எல்லாரும் தரையையே பார்ப்போம். யாராவது ஒருத்தர் "சார், நான் வர முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த அரை நிமிஷத்தில் நாலு பேருக்கு ஊரில் கல்யாணம் வந்துவிடும் :-)

அந்த 36 பேரிடம் பிறகு கேட்டபோது பெரும்பாலானவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போகாவிட்டாலும் தாங்கள் நிறுத்தியிருப்போம் என்றார்கள். அவர்கள் எழுந்ததால்தான் நானும் எழுந்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர்தான். நமக்கு எண்கள் தெரியும். தனியாக உட்காரவைத்திருந்தால் அவர்களில் பாதிக்கு மேல் 450ஐத் தொட்டிருப்பார்கள்.

இதன் மறுபக்கம் இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது. சுவிட்ச் போடும் வேலையை இன்னொருத்தர் (செட்டப்) செய்கிறார், நம் ஆளுக்குக் கேள்வி வாசிப்பது மாதிரி ஒரு துணை வேலை. நாற்பதில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்து தங்கள் வேலையை ஒழுங்காக முடித்தார்கள். நான் பட்டனைத் தொடவில்லையே!

மில்கிராம் மேல் விமர்சனம் இல்லாமல் இல்லை. 1963ல் முதல் கட்டுரை வந்த அடுத்த வருஷமே டயானா பாம்ரிண்ட் என்கிற உளவியலாளர், வந்தவர்களை இப்படி வதைத்தது முறையா என்று கேட்டார். 2012ல் ஜினா பெர்ரி என்கிற ஆஸ்திரேலிய எழுத்தாளர் பழைய ஒலிநாடாக்களையும் ஆவணங்களையும் தோண்டி ஒரு புத்தகம் எழுதினார். நடத்துநர் சில சமயம் நாலு வாசகத்தோடு நிற்காமல் மேலும் மேலும் வற்புறுத்தியிருக்கிறார். இதெல்லாம் நாடகம் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். இவையெல்லாம் நியாயமான குறைகள்தான், அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. மில்கிராம் வெளியிடாமலே வைத்திருந்த ஒரு ஏற்பாடும் இருக்கிறது. அதில் மாணவராக வந்தவர் ஆசிரியரின் நண்பர் அல்லது உறவினர். இருபதில் 3 பேர்தான் முடித்தார்கள். எதற்காக அதை மூடி வைத்தாரோ!

2009ல் ஜெர்ரி பர்கர் 150 வோல்ட்டோடு நிறுத்திவிடும்படி மாற்றி இதைத் திரும்பச் செய்தபோதும் பத்தில் ஏழு பேர் அதைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்த நாலாவது வாசகம், வேறு வழியில்லை என்கிற அப்பட்டமான உத்தரவு, அதைக் கேட்ட பிறகு ஒருத்தர்கூடத் தொடரவில்லை. மிரட்டினால் மனிதன் விறைத்துக்கொள்கிறான். இது நல்ல காரியத்துக்காக, நீங்கள் உதவுகிறீர்கள், இன்னும் ஒரே ஒரு படிதான் என்றால்தான் போகிறான்.

சரி, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருவோம். ஐக்மன் விசாரணை நடந்த காலத்தில் மில்கிராம் எழுப்பிய கேள்விக்கு, நிஜத்தில் நடந்த ஒரு பதில் ஹாம்பர்க் நகர வழக்கறிஞர்களின் கோப்புகளில் சேர ஆரம்பித்தது. மில்கிராம் பரிசோதனையை முடித்த அதே 1962ல்தான் ஹாம்பர்க்கில் ஒரு பழைய போலீஸ் படையின் மீது விசாரணை தொடங்கியது. ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101. பத்து வருஷம் நடந்த அந்த விசாரணையின் வாக்குமூலங்களை வைத்துத்தான் கிறிஸ்டோபர் பிரவுனிங் என்கிற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1992ல் 'சாதாரண மனிதர்கள்' என்கிற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதினார்.

ஐந்நூறு பேர் கொண்ட படை. சராசரி வயது 39. ராணுவத்துக்கு வயசாகிவிட்டது என்று போலீசில் சேர்க்கப்பட்டவர்கள். பெரும்பாலும் ஹாம்பர்க்கின் துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், கிடங்கு வேலைக்காரர், குமாஸ்தா. பிள்ளைகுட்டிக்காரர்கள். நாஜி கட்சி உறுப்பினர்கள் சுமார் கால்வாசி.

1942 ஜூலை 13ஆம் தேதி விடியற்காலை இவர்களை லாரிகளில் ஏற்றி யூஸெஃபூவ் என்கிற போலந்து கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1800 யூதர்கள் இருந்தார்கள். படைத் தலைவர் மேஜர் வில்ஹெல்ம் டிராப், வயது 53. ஆட்களை அரைவட்டமாக நிற்கவைத்துப் பேசினார். குரல் கம்மி, கண்ணில் தண்ணீர். வேலை செய்யக்கூடிய வயது ஆண்களைப் பிரித்து முகாமுக்கு அனுப்பவேண்டும். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லாரையும் இங்கேயே சுட்டுக் கொல்லவேண்டும். மேலிடத்து உத்தரவு. இதைச் சொல்லிவிட்டு டிராப் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். வயதில் மூத்தவர்களில் யாருக்காவது இந்த வேலை முடியாது என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரம் அமைதி. மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒருத்தர் முன்னால் வந்தார். அவருடைய கேப்டனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன் கம்பெனி ஆள்தானா முதலில் விலகவேண்டும் என்று சத்தம் போட ஆரம்பித்தார். டிராப் அவர் வாயை அடைத்து, அந்தப் போலீஸ்காரரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள்.

ஐந்நூறு பேரில் ஒரு டஜன். மீதிப் பேர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏறத்தாழ 1500 பேரைக் கொன்றார்கள்.

இங்கே மில்கிராமை அப்படியே பொருத்திப் பார்த்தால் உதைக்கிறது. பக்கத்தில் நின்று தொடரு தொடரு என்று சொல்லும் நடத்துநர் இங்கே எங்கே? தலைவரே அழுகிறார். சுடும் இடத்துக்கு அவர் வரவேயில்லை. விலகலாம் என்று வாயால் சொல்லிவிட்டார், விலகின ஆளைக் காப்பாற்றியும் காட்டிவிட்டார். மில்கிராம் கணக்குப்படி அதிகாரம் இவ்வளவு தளர்ந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் விலகியிருக்கவேண்டும். ஏன் விலகவில்லை?

பிரவுனிங் சொல்லும் பதில், அவர்களைப் பிடித்து வைத்தது மேலே இருந்தவரை விடப் பக்கத்தில் நின்றவர்கள்தான் என்பது. விலகுவது என்றால் அசிங்கமான வேலையைத் தோழர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது. கோழை என்று பெயர். அன்னிய நாட்டில், ஒரே கொட்டடியில் சாப்பிட்டுத் தூங்குகிற ஆட்களுக்கு, அந்த ஐந்நூறு பேரைத் தவிர வேறு உலகமே இல்லை. யேல் அறையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் எழுந்து போனது ஒருத்தருக்கு விடுதலையாக இருந்தது. யூஸெஃபூவில் நன்றாகத் தெரிந்த நானூற்றுச் சொச்சம் பேர் அசையாமல் நின்றது விலங்காக ஆனது. பக்கத்தில் நிற்பவர் என்கிற அதே விஷயம்தான், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கிறது.

யூத வெறுப்பும் நாஜிப் பிரசாரமும் இதில் கலந்திருந்ததை மறைக்க முடியாது. டேனியல் கோல்ட்ஹாகன் 1996ல் எழுதிய புத்தகத்தில் அதே கோப்புகளைப் படித்து, வெறுப்புதான் முழுக் காரணம் என்று வாதிட்டார். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. வெறுப்பு மட்டும்தான் என்றால் அன்றைக்கு நாள் ஏற ஏற நடந்ததை எப்படி விளக்குவது?

நடந்தது இதுதான். காட்டு ஓரத்தில் லாரியிலிருந்து இறக்கப்பட்ட ஒவ்வொருவரோடும் ஒரு போலீஸ்காரர் ஜோடி சேர்க்கப்பட்டார். முகத்துக்கு முகம். கூடவே நடந்து காட்டுக்குள் போய், குப்புறப் படுக்கவைத்துச் சுடவேண்டும். மாணவரின் கையைப் பிடித்துத் தட்டில் அழுத்தச் சொன்ன ஏற்பாடு ஞாபகம் வருகிறதா? காலையில் வரிசையை விட்டு வெளியே வரத் தைரியம் இல்லாதவர்கள் இப்போது ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சார்ஜென்டிடம் போய் என்னால் முடியவில்லை என்றார்கள். சிலர் ஊருக்குள் ஒளிந்தார்கள். சிலர் லாரிப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுடுவதற்கு நியமிக்கப்பட்டவர்களில் பத்து முதல் இருபது சதவீதம் பேர் ஏதோ ஒரு வழியில் விலகியிருப்பார்கள் என்பது பிரவுனிங் கணக்கு. எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததை ஒரு சார்ஜென்டின் காதில் சொல்ல முடிந்தது. மற்றவர்கள், அதாவது எண்பது சதவீதத்துக்கும் மேல், சுட்டார்கள்.

அன்று ராத்திரி முகாமில் சாராயம் தாராளமாக ஊற்றப்பட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேலிடம் பாடம் கற்றுக்கொண்டது. அடுத்தடுத்த வேலைகளில் சுடுவதைப் பெரும்பாலும் டிராவ்னிக்கி முகாமில் பயிற்சி பெற்ற சோவியத் பகுதி ஆட்களிடம் கொடுத்தார்கள். இவர்களுக்கு வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டுவது, ரயிலில் ஏற்றுவது. அந்த ஆகஸ்டிலேயே பார்ச்செவ் என்கிற ஊரிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். யூஸெஃபூவை இருபது வருஷம் கழித்தும் நிமிஷம் நிமிஷமாக விவரித்தவர்களுக்குப் பார்ச்செவ் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. கேள்வி வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த 37 பேர்! போகப் போக, திரும்பவும் சுடச் சொன்னபோது பழகியும்விட்டிருந்தது. கடைசியில் இந்தப் படை நேரடியாகச் சுட்டது 38,000 பேர், டிரெப்ளிங்காவுக்கு ஏற்றி அனுப்பியது 45,000 பேர்.

மறுத்திருந்தால் இவர்களையே சுட்டிருப்பார்கள் என்று சொல்வார்கள். போருக்குப் பின் நடந்த நூற்றுக்கணக்கான வழக்குகளில் எந்தப் பிரதிவாதி வக்கீலாலும், நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்ட ஒருத்தரைக்கூட ஆதாரத்தோடு காட்ட முடியவில்லை என்று பிரவுனிங் எழுதுகிறார். இதே படையில் ஒரு ரிசர்வ் லெப்டினன்ட் இருந்தார். ஹாம்பர்க்கில் மர வியாபாரி. யூஸெஃபூவுக்கு முந்தின ராத்திரியே, பெண்களையும் குழந்தைகளையும் சுடும் வேலையில் நான் கலந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். வேலைக்கு என்று பிரிக்கப்பட்ட ஆண்களைக் கூட்டிப்போகும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னால் ஹாம்பர்க்குக்கே மாற்றலும் கிடைத்தது. தன்னால் எப்படி முடிந்தது என்று அவர் சொன்ன காரணத்தில் வீரம் எதுவும் இல்லை. எனக்கு ஊரில் சொந்தமாகத் தொழில் இருந்தது, போலீசில் பதவி உயர்வு தேவைப்படவில்லை, அந்த இளம் கேப்டன்களுக்கு அது தேவைப்பட்டது என்கிற மாதிரிதான் சொன்னார். முதலில் வரிசையை விட்டு வெளியே வந்த அந்தப் போலீஸ்காரரைப் பிற்பாடு யூதர்களைக் கொல்லும் வேலைக்கு யாரும் கூப்பிட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. கெரில்லாக்களைத் தேடும் வேலைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

டிராப் போலந்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1948 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர்மேல் இருந்த வழக்கு யூஸெஃபூவுக்காக அல்ல, வேறொரு கிராமத்தில் பழிக்குப் பழியாக 78 போலந்துக்காரர்களைச் சுட்டதற்காக. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பி வேலைவெட்டியைப் பார்த்தார்கள். பலர் அதே ஹாம்பர்க் போலீசிலேயே தொடர்ந்தார்கள். அறுபதுகளில் விசாரணை அதிகாரிகள் கூப்பிட்டு, மேஜர் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னாரே, நீங்கள் ஏன் விலகவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருத்தர் அப்போது யோசிக்க நேரமே இல்லை என்றார். இன்னொருத்தர் எல்லார் முன்னாலும் கோழையாகத் தெரிய மனசில்லை என்றார். சிலர், மேஜர் அப்படிச் சொன்னது தங்கள் காதிலேயே விழவில்லை என்றார்கள்.